நடுங்கும் கையும் நடுங்காத அறிவும்

சேலம் மாவட்டத்தின் மேற்கெல்லையில் சீதாமலையும் பாலமலையும் எதிரெதிரே நிற்கின்றன. அவ்விரு மலைகளுக்கும் இடையே பாய்ந்துவரும் காவிரியைத் தடுத்து நிறுத்தி நிற்பது மேட்டூர் அணை. 1925-ஆம் ஆண்டில் தொடங்கிய அணை வேலை 1934-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அணையின் நீளம் 5,300 அடி. நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி. நிறைந்த காலத்தில் அது தேக்கும் நீர் 93.47 டி.எம்.சி. அந்நாளில் சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஸ்டான்லியின் பெயரால் அந்நீர்த்தேக்கம் வழங்குகின்றது. காவிரிப் படுகையின் வயல்கள் ஆண்டுதோறும் இவ்வணையின் மதகுகளை எதிர்நோக்கி நிற்கும்.

அணை நிறைந்த காலத்தில் அங்கே சென்று நிற்பவனுக்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீரன்றி வேறொன்றும் புலப்படாது. ஆயின், மழை பொய்த்து நீர்மட்டம் பெரிதும் தாழும் காலத்தில் பண்ணவாடிப் பக்கத்தில் ஒரு புதுமை தோன்றும். நீருக்குள்ளிருந்து கல் நந்தி ஒன்று தலை நீட்டும். பழைய கிறித்தவக் கோயில் ஒன்றின் கோபுரம் எழுந்து நிற்கும். அணை கட்டும்பொழுது மக்கள் விட்டுச் சென்ற ஊர்களின் அடையாளங்கள் அவை. நிறைந்த நீரை மட்டும் கண்டு திரும்பியவன், ‘இங்கே ஊர் இருந்தது’ என்று எவரேனும் சொன்னால் நம்பவும் தயங்குவான். கண் காண்பது மேற்பரப்பு. உண்மையோ அடியில் கிடக்கின்றது. நீர்த்தேக்கத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை மனித உடலுக்கும் பொருந்தும்.

ஆடிப் பதினெட்டாம் நாள் மேட்டூரில் மக்கள் வெள்ளம் காவிரி வெள்ளத்தோடு போட்டியிடும். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து காவிரியில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனை வணங்கிச் செல்வர். அக்கூட்டத்தில் இருபது வயது இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக் காண்க. அவன் படித்துறையின் ஓரத்தில் அமர்ந்திருக்கின்றான். அமர்ந்திருக்கும்வரை அவனிடம் ஒரு குறையும் தோன்றவில்லை. கைகள் மடிமீது அமைதியாகக் கிடக்கின்றன. “கண்ணு, பூசைக்கு ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வா” என்கின்றாள் தாய். அவன் எழுந்து செம்பை ஏந்துகின்றான். ஏந்திய அக்கணமே கை துள்ளுகின்றது. செம்பு இப்புறமும் அப்புறமும் ஆடுகின்றது. நீர் சிதறி அருகில் நின்றவர்மேல் தெறிக்கின்றது. நடை தடுமாறுகின்றது. செம்பு கையினின்று நழுவிப் படிகளில் உருண்டு ஓசையிடுகின்றது.

“விடிந்ததும் குடித்துவிட்டான் போலிருக்கிறது” என்கின்றார் ஒருவர். “யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்” என்கின்றாள் மற்றொருத்தி. சிறுவர் இருவர் அவன் ஆடியதைப் போலவே ஆடிக் காட்டி நகைக்கின்றனர். அச்சொற்கள் யாவும் அவன் செவியில் விழுகின்றன. அவற்றின் பொருள் அனைத்தும் அவனுக்குத் தெளிவாக விளங்குகின்றது. நாணம் மிகுகின்றது; நாணம் மிகுந்தோறும் கையின் துள்ளலும் மிகுகின்றது.

அவ்விளைஞன் கற்பனையில் தோன்றியவன். அவனைப் பற்றிய நோய் கற்பனையன்று. உலகில் மிகச் சிலரையே பற்றும் அந்நோய்க்கு மருத்துவ நூலோர், ‘ஆக்‌ஷன் மயோக்ளோனஸ் – ரீனல் ஃபெயிலியர்’ என்று பெயரிட்டுள்ளனர். செயலில் தோன்றும் தசைத்துள்ளலும் சிறுநீரகச் செயலிழப்பும் ஒருங்கே அமைந்த நோய் என்பது அப்பெயரின் பொருள்.

பெரும்பாலும் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையே இந்நோய் தலைகாட்டும். முதற்கண் விரல்களில் மெல்லிய நடுக்கம் தோன்றும். எழுத்துக் கோணலாகும். சட்டைப் பொத்தானை மாட்டுவது அரிதாகும். பின்னர் நடுக்கம் துள்ளலாக மாறும். ஓய்ந்திருக்கும்பொழுது அடங்கியிருக்கும் தசைகள், ஒரு செயலைச் செய்ய முனையும்பொழுது துள்ளியெழும். எழுதுகோலை எடுக்க வேண்டும் என்று மனம் எண்ணியவுடன் கை அதனைத் தட்டிவிடும். அடியெடுத்து வைக்க வேண்டும் என்று எண்ணியவுடன் கால் உதறும். மனக்கிளர்ச்சி மிகும்பொழுது துள்ளலும் மிகும். காலம் செல்லச் செல்லப் பேச்சுக் குழறும், விழுங்குதலும் கடினமாகும், சிலருக்கு வலிப்பும் வரும்.

இவை கண்ணுக்குப் புலனாகும் துன்பங்கள். கண்ணுக்குப் புலனாகாத மற்றொரு துன்பம் உடலின் உள்ளே வளர்கின்றது. அதனை அறியச் சிறுநீரகத்தின் தொழிலை அறிதல் வேண்டும். நாட்டுப்புறத்தார் ‘குண்டிக்காய்’ என்று வழங்கும் சிறுநீரகங்கள் இரண்டு. முதுகெலும்பின் இருமருங்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கைம்முட்டி அளவில், அவரை விதை வடிவில் அமைந்துள்ளன. மேட்டூர் அணையில் மிகை நீரை வெளியேற்றப் பதினாறு கண் மதகு இருப்பதை அவ்வூரார் அனைவரும் அறிவர். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்ணிய கண்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை அவை குருதியினின்று வடிக்கின்றன. வடித்ததில் உடலுக்கு வேண்டியவற்றையெல்லாம் மீண்டும் குருதிக்கே அனுப்பிவிட்டு, வேண்டாதவற்றை மட்டும் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. எந்தப் பொறியாளரும் வகுத்தறியாத நுட்பம் இது!

இந்நோயில் அவ்வடிகட்டிகள் மெல்ல மெல்லத் தழும்பேறிக் கெடுகின்றன. பழுதுற்ற மதகின் இயல்பு யாது? தங்க வேண்டியது ஓடிவிடும். ஓட வேண்டியது தங்கிவிடும். அங்ஙனமே உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் கசிந்து வெளியேறுகின்றது. வெளியேற வேண்டிய நச்சுக்கள் குருதியிலேயே தங்கிவிடுகின்றன. சிறுநீரில் நுரை மிகுதல், கால் வீங்குதல், சோர்வு மேலிடுதல் ஆகியவை தோன்றும். சில ஆண்டுகளில் சிறுநீரகங்கள் முற்றும் ஓய்ந்துவிடும். சிலருக்கு நடுக்கம் முற்படும். சிலருக்குச் சிறுநீரகக் கேடு முற்படும். சிலருக்கு இரண்டும் ஒருங்கே தோன்றும்.

இத்தனை துன்பங்களுக்கு நடுவே வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. உடல் இவ்வளவு அலைக்கழிக்கப்படினும் அறிவு பெரும்பாலும் மங்குவதில்லை. நோயுற்றவன் கணக்கைப் போட வல்லவன். அதை எழுதத்தான் அவனால் இயலவில்லை. செய்யுளின் பொருளை உணர வல்லவன். அதை வாய்விட்டு உரைக்கத்தான் நா ஒத்துழைக்கவில்லை. கரை புரண்ட வெள்ளத்தின் நடுவே அசையாத பாறைபோல் அறிவு நிலைத்து நிற்கின்றது. இதனை அறியாத உலகம், கை நடுங்குகின்றவனைக் கண்டு அறிவும் நடுங்குவதாக எண்ணிவிடுகின்றது. நோய் அவனுக்கு இழைக்கும் துன்பம் ஒன்று. இந்தத் தவறான எண்ணம் இழைக்கும் துன்பம் மற்றொன்று. முன்னதை நீக்க மருத்துவர் முயல்கின்றனர். பின்னதை நீக்க மருத்துவர் வேண்டியதில்லை.

இத்தகைய நோய் ஒன்று உண்டு என்பதே 1986-ஆம் ஆண்டு வரை மருத்துவ உலகுக்குத் தெரியாது. தெரியாமற்போனதற்குக் காரணம் என்ன? சிறுநீரகம் ஓய்ந்தால் உயிரும் ஓயும் என்பதே முன்னாளைய நிலை. நோயின் முழு வடிவம் வெளிப்படுமுன்னரே நோயாளி இறந்துபடுவான். ‘சிறுநீரகக் கோளாற்றால் இறந்தான்’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். அவன் கை ஏன் துள்ளியது என்று கேட்பார் இல்லை. கேட்டவர்க்கும், ‘குருதியில் நச்சேறியதால் துள்ளியது’ என்னும் விடையே கிடைத்திருக்கும்.

அந்நிலையை மாற்றியவை இரண்டு அருஞ்செயல்கள். இரண்டாம் உலகப் போரின்போது செருமானியப் படையின் பிடியிலிருந்த ஆலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் கிடைத்த பொருள்களைக் கொண்டே ஒரு செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். மரச்சட்டத்தாலாகிய உருளை ஒன்றின்மீது செலோபேன் குழாயைச் சுற்றி, அக்குழாயில் நோயாளியின் குருதியைச் செலுத்தி, உருளையை உப்புநீர்த் தொட்டியில் சுழலச் செய்தார். குருதியிலிருந்த நச்சு நீரில் கலந்து வெளியேறியது. தொடக்கத்தில் பலமுறை தோல்வியே எய்தினார், எனினும் சோர்ந்தாரில்லை. 1945-ஆம் ஆண்டில் மூதாட்டி ஒருவர் அக்கருவியால் உயிர் பிழைத்தார். ‘டயாலிசிஸ்’ என்று இன்று சிற்றூர்களிலும் வழங்கும் குருதிச் சுத்திகரிப்பு முறையின் தொடக்கம் அதுவே. 1954-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரி என்னும் அறுவை மருத்துவர், இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவர்க்குப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவில் அவ்வெற்றி 1971-ஆம் ஆண்டில், தமிழகத்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கைகூடியது.

இவற்றின் பயனாகச் சிறுநீரகம் ஓய்ந்தோரும் உயிர் வாழலாயினர். அப்பொழுதுதான் மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசும் குடும்பங்கள் சிலவற்றில், சிறுநீரகக் கேட்டுக்கு மருத்துவம் பெற்ற இளைஞர்களுக்குத் தசைத்துள்ளல் ஓயவில்லை. குருதியிலிருந்து நச்சு நீங்கியது. புதிய சிறுநீரகம் நன்கு தொழிற்பட்டது. ஆயினும் துள்ளல் மேன்மேலும் வளர்ந்தது. நச்சினால் விளைந்த துள்ளலாயின், நச்சு நீங்கிய பின் அது நீங்க வேண்டுமன்றோ? மாண்ட்ரியல் நகரத்து நரம்பியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆண்டர்மன் தம்பதியரும் அவருடன் பணியாற்றியவர்களும் இவ்வினாவை எழுப்பினர். அவர்கள் நோயாளிகளின் குடும்ப வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தனர். இறந்தோரின் மூளையில் பழுப்பு நிறத் துகள்கள் தங்கியிருத்தலையும் கண்டனர். சிறுநீரகம், மூளை ஆகிய இரண்டையும் ஒருங்கே தாக்கும் தனியொரு நோய் இது என்று 1986-ஆம் ஆண்டில் உலகுக்கு உரைத்தனர். சிறுநீரக மருத்துவத்தின் வளர்ச்சியே இந்நோயின் முகத்திரையை விலக்கியது என்பதையும் அவர்கள் தம் கட்டுரையின் தலைப்பிலேயே சுட்டினர். நீர்மட்டம் தாழ்ந்தபின் பண்ணவாடி நந்தி வெளிப்படுவது போல, மரணத்தின் வெள்ளம் சற்றே பின்வாங்கியபின் இந்நோய் வெளிப்பட்டது.

நோய் இன்னது என்று கண்டறிவதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வற்புறுத்துகின்றார். கியூபெக்கில் கண்ட நோயின் காரணத்தை அறிய மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் செல்லும் பரிசலைக் கண்டவர்க்கு அக்காரணம் எளிதில் விளங்கும்.

மனித உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிற்றூர் போன்றது. ஊர் என்று இருந்தால் குப்பை சேரும். குப்பை சேர்ந்தால் அதை அகற்ற இடம் வேண்டும். உயிரணுவில் அவ்விடமாக விளங்குவது ‘லைசோசோம்’ என்னும் நுண்பை. பெல்ஜிய நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் 1955-ஆம் ஆண்டில் அதற்கு அப்பெயரிட்டு, பின்னர் 1974-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். பழுதுற்ற பொருள்களையும் கழிவுகளையும் சிதைத்து, மீண்டும் பயன்படும் பொருள்களாக்கித் தருவது அதன் தொழில். சிதைக்கும் வேலையைச் செய்யும் வேலையாட்கள் நொதிகள். அந்நொதிகள் நுண்பையிலேயே பிறப்பதில்லை. உயிரணுவின் வேறொரு பகுதியில் உருவாகி அங்கே சென்று சேர வேண்டும். அவற்றைச் சுமந்து செல்வோர் தனியே உண்டு.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீனவர் மூங்கிற்பின்னலாலாகிய வட்டப் பரிசலில் ஏறித் துடுப்பு வலித்துச் செல்வர். அக்கரையில் வேலை காத்துக் கிடக்கின்றது. இக்கரையில் வேலையாட்கள் கருவிகளோடு நிற்கின்றனர். பரிசல் ஓட்டி வரவில்லை. என்ன நேரும்? வேலையாட்கள் திறமையுடையோர்தாம், கருவிகளும் பழுதற்றவைதாம், ஆயினும் அக்கரை வேலை நடைபெறாது. இந்நோயில் நிகழ்வதும் இதுவே. ‘குளுக்கோசெரிப்ரோசிடேஸ்’ என்னும் நொதியை நுண்பைக்கு ஏற்றிச் செல்லும் பரிசல் ஓட்டிக்கு ‘லிம்ப்-2’ என்று பெயர். அதுவும் ஒரு புரதமே. அதன் தொழில் இத்தகையது என்பதைச் செருமனி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டில் விளக்கினர். அடுத்த ஆண்டிலேயே, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாமுவேல் பெர்கோவிக்கும் அவர்தம் குழுவினரும் ஒருவருக்கொருவர் உறவில்லாத நோயாளர் மூவரின் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். அப்பரிசல் ஓட்டியைப் படைக்கும் மரபணு பழுதுற்றமையே இந்நோய்க்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். ‘ஸ்கார்ப்-2’ என்னும் அம்மரபணு நான்காம் குரோமோசோமில் உள்ளது. அதே 2008-ஆம் ஆண்டில் போர்ச்சுக்கல் நாட்டு ஆராய்ச்சியாளரும் தம் ஆய்வால் அம்மரபணுவையே சுட்டினர். வெவ்வேறு வழியில் சென்றோர் ஒரே கரையில் இறங்கினர்.

படித்துறையில் செம்பு நழுவியதற்கும், சிறுவர் நகைத்ததற்கும், தாய் தலைகுனிந்ததற்கும் காரணம் இவ்வளவே: கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையாள் சென்று சேரவில்லை. குடியும் அன்று, செய்வினையும் அன்று, தெய்வக் குற்றமும் அன்று.

அவ்வாறாயின் மரபணு பழுதுற்றது யார் குற்றம்? இவ்வினாவும் பல இல்லங்களில் எழுவதுண்டு. பெரும்பாலும் விரல் தாயை நோக்கியே நீளும். ‘உன் வழியில் வந்தது’ என்று தந்தையின் சுற்றத்தார் சுடுசொல் கூறுவர். அறிவியல் அவர்க்கு அளிக்கும் விடை தெளிவானது. ஒவ்வொரு மரபணுவும் மாந்தர்க்கு இரண்டு படிகளாக அமைந்துள்ளது. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. இரண்டில் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று வேலையை நடத்திவிடும். அத்தகையவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வர்; தம்மிடம் பழுதுற்ற படியொன்று இருப்பதையும் அறியார். தாய் தந்தை இருவரும் அத்தகையவராக இருந்து, இருவரின் பழுதுற்ற படிகளும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தால் மட்டுமே இந்நோய் தோன்றும். ஒவ்வொரு பேற்றிலும் அதற்குரிய வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே தாய் தந்தது எவ்வளவோ தந்தை தந்ததும் அவ்வளவே. இருவரும் அறிந்து தந்தாரல்லர். எனவே இருவர்மேலும் குற்றமில்லை.

எனினும் அறிய வேண்டிய உண்மை ஒன்று இதில் உள்ளது. தமிழகத்தில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சொத்துப் பிரியாமல் இருக்கவும் உறவு விட்டுப்போகாமல் இருக்கவும் முன்னோர் அதனைப் போற்றினர். அவர்தம் அன்பைப் பழித்தல் தகாது. ஆயினும் ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தோர் இருவரிடத்தும், அப்பாட்டனிடமோ பாட்டியிடமோ இருந்த பழுதுற்ற படி ஒன்றே வந்து சேர்ந்திருத்தல் கூடும். மாமன் மகளும் அத்தை மகனும் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர். தாய்மாமனும் அக்காள் மகளுமோ நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர். உறவு நெருங்க நெருங்க, மறைந்து கிடக்கும் பழுதுகள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் பெருகுகின்றது. இவ்வொரு நோய்க்கு மட்டுமன்றி, இவ்வகையில் வரும் அரிய நோய்கள் பலவற்றிற்கும் இது பொருந்தும். கியூபெக் மக்களும் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய சில ஆயிரவரின் வழிவந்தோரே ஆவர். சிறு கூட்டத்திலிருந்து பெருகிய மக்களிடையே இத்தகைய நோய் தலைகாட்டுதல் இயல்பு. மணம் பேசுமுன் மருத்துவரிடம் குடும்ப வரலாற்றை எடுத்துரைத்து அறிவுரை பெறுதல், சாதகம் பார்ப்பதைவிடப் பயனுடையது.

இனி, நோயுற்றோர்க்கு என் செய்வது? நடுக்கம் கண்டவுடன் மந்திரவாதியை நாடாது மருத்துவரை நாடுதல் முதற்கடன். சிறுநீரில் புரதம் உண்டா என்று பார்க்கும் சோதனை மிக எளியது; சில நிமிடங்களில் முடிவது. கை நடுங்கும் இளைஞனுக்கு அச்சோதனையையும் செய்து பார்த்தால் இரு துன்பங்களுக்கும் உள்ள தொடர்பு புலப்படும். துள்ளலைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன. அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. சிறுநீரகத்திற்கோ வழிகள் உண்டு. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் செய்யப்படுகின்றது. 2021-ஆம் ஆண்டு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழக அரசுத் திட்டத்தின்கீழ், வயிற்றின் வழியே குருதியைத் தூய்மை செய்துகொள்வோர்க்கு அதற்குரிய நீர்மப் பைகள் வீட்டிற்கே கொணர்ந்து தரப்பட்டன. அதே 2021-ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கென இந்திய அரசு தேசியக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டோர் டயாலிசிஸின் தளையினின்று விடுபடுவர். ஆயின் இந்நோயில் ஓர் எச்சரிக்கை வேண்டும். உடன்பிறந்தாரிடத்தும் இந்நோய் மறைந்திருத்தல் கூடுமாதலால், அவர் சிறுநீரகம் ஈயுமுன் அவருடைய மரபணுவையும் ஆராய்தல் இன்றியமையாதது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை அவர்தம் குடும்பத்தார் ஈவதும் உண்டு. தம் துயரத்தின் உச்சியில் நின்று, முன்பின் அறியாத ஒருவர் வாழ வேண்டும் என்று எண்ணும் அவ்வுள்ளத்தை எச்சொல்லால் புகழ்வது! அத்தகைய கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடைபெறும் என்று 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழக அரசு அறிவித்தது. வள்ளல்களைப் பாடிய நாட்டிற்கு அது தகும்.

இவையெல்லாம் மருத்துவரும் அரசும் கொடையாளரும் செய்பவை. பள்ளி மாணவர் செய்யத்தக்கது ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. அதற்குப் பொருட்செலவும் இல்லை. கை நடுங்குவோன் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருக்கலாம். அவன் பேசும்பொழுது இடைமறியாது கேட்கலாம். குவளையை நிறைய நிரப்பாது பாதியளவு நிரப்பித் தரலாம். விழப்போகின்றான் என்று கூவாமல் அருகே சென்று தோள் கொடுக்கலாம். எல்லாவற்றினும் மேலாக, அவனை ஒரு காட்சிப் பொருளாக உற்று நோக்காதிருக்கலாம். நோக்கும் கண்கள் மிகுந்தால் அவன் துள்ளலும் மிகும். நோக்கும் கண்கள் விலகினால் அவன் கையும் சற்றே அமைதியுறும். ஆகவே நகைப்பைத் தவிர்ப்பது பண்பு மட்டுமன்று. இந்நோயில் அது ஒருவகை மருந்துமாகும்.

ஆடிப்பெருக்கின் படித்துறைக்கே மனக்கண்ணைத் திருப்புக. செம்பு படிகளில் உருண்டு கிடக்கின்றது. நகைத்த சிறுவருள் ஒருவன் தன் நகைப்பை நிறுத்துகின்றான். கீழிறங்கிச் செம்பை எடுக்கின்றான். காவிரியில் அமிழ்த்திப் பாதியளவு நீர் மொள்கின்றான். மேலேறி வந்து, அதனைத் தானே கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்துவிடவில்லை. “அண்ணா, இந்தப் பக்கம் நீங்கள் பிடியுங்கள், அந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன்” என்கின்றான். இரு கைகள் ஒரு செம்பைப் பற்றுகின்றன. ஒரு கை துள்ளுகின்றது. மற்றொரு கை தாங்குகின்றது. நீரும் சிறிது தளும்புகின்றது. ஆயினும் செம்பு பூசைக்கு வந்து சேர்கின்றது.

பரிசல் ஓட்டி வாராத துறையிலும் இவ்வாறு கடத்துவார் ஒருவர் இருப்பின் அக்கரை சேர்தல் இயலும். துள்ளும் கையைக் கண்டு நகைக்க ஒரு நொடி போதும். அத்துள்ளலின் காரணத்தை அறிய உலகத்து அறிஞர் பலர்க்கு இருபத்திரண்டு ஆண்டுகள் வேண்டியிருந்தன. அவர்தம் உழைப்பை அறிந்தோர் அந்த ஒரு நொடி நகைப்பை அடக்கிக்கொள்ளுதல் அரிதன்று. நடுங்கும் கைக்குப் பின்னே நடுங்காத அறிவு ஒன்று விழித்திருக்கின்றது என்பதை உணர்ந்து நடப்பதே கற்றதன் பயன்.